ஆறாம் வகுப்புப் புத்தகத்தையே கேட்டுக்கொண்டிருந்த பெண்

நூலகத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். புத்தகத்துக்கு எண் போடுவது, அடுக்குவது, இருப்பு எடுப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், அந்தப் பெட்டியைத் திறந்துவைக்கவே எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆகவே அந்த வம்புக்கு நான் வரவில்லை. நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே செய்த தப்பு என்பதால், அது தப்பு என்று தெரியவே எனக்கு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது.

என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதி ராஜபாளையத்தில் ஒரு கிளை நூலகத்தில் கழிந்தது. கதைப் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் கூடிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார். அதற்குப் போகாதவர்கள் குரூப் ஃபோர் எழுதுவார்கள். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வாசலில் பத்து சைக்கிளும் பதினைந்து பிள்ளைகளும் நிற்கும். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் தானாக வளர்ந்திருந்தது. யாருக்கு வேலை கிடைத்தாலும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வருவார். கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும், கிழித்த நோட்டுத் தாளில் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விடைபெறுவார். சட்டப்படி நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது. அந்த ஒரு நாள் மட்டும் நான் கண்டுகொள்ளமாட்டேன்.

மாரீஸ்வரி கணிதத்தில் பட்டம் வாங்கிய கையோடு எங்களிடம் வந்தவள். முதல் தடவை எழுதிய தேர்விலேயே ஒன்றரை மதிப்பெண்ணில் வேலையைத் தவறவிட்டாள். அடுத்த தடவை வாங்கிவிடுவாள் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை, எனக்கும் சந்தேகமில்லை. மழையானாலும் தேர்த் திருவிழாவானாலும் எட்டு மணிக்கு வந்துவிடுவாள். மேற்குச் சுவரோரம் இருந்த மேசையில் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டைத் தவிர எழுந்திருக்க மாட்டாள். நோட்டில் முத்து முத்தாக எழுதுவாள். தலைப்புக்குச் சிவப்பு, வருஷத்துக்குப் பச்சை. புதிதாக வருகிற பையன்கள் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தால், நான் அவளைக் காட்டித்தான் திட்டுவேன்.

"இந்தப் பிள்ளயப் பாத்துக் கத்துக்கோங்கப்பா. மூணு வருசமா ஒரு நாள் தப்புனதில்ல."

அவள் குனிந்தபடியே சிரிப்பாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது வருஷம் ஒரு பையன் பால்கோவாப் பெட்டியுடன் வந்து, எல்லோர் முன்னாலும் கொடுக்க வெட்கப்பட்டு நின்றான். நான்தான் மாரீஸ்வரியைக் கூப்பிட்டேன்.

"மாரீசு, நீ வந்து குடும்மா. அடுத்தது நீதான வாங்கிட்டு வரப் போற. உன் கை ராசி எல்லாருக்கும் வரட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கரண்டியை வாங்கி ஒவ்வொரு மேசையாகப் போனாள். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் மாரீஸ்வரிதான் கொடுப்பாள் என்று ஆகிவிட்டது. அவளுக்கு ஊக்கமாக இருக்கும் என்று நான் மனதார நம்பினேன். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது பதினோரு பெட்டி வந்தது.

அவள் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதற்கு எல்லா அடையாளமும் என் கையிலேயே இருந்தது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பள்ளிப் பாடப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகப் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மேசைக்கு வந்து என்னிடம் கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும். மாரீஸ்வரி ஆறாம் வகுப்பு சமூக அறிவியலை வாங்குவாள். நாலு நாள் வைத்திருப்பாள். ஒரு வாரம் ஏதோ நோட்டைப் புரட்டுவாள். அடுத்த திங்கட்கிழமை வந்து மறுபடியும் ஆறாம் வகுப்பையே கேட்பாள். அந்தப் புத்தகம் இரண்டு தடவை பைண்டிங் போய் வந்தது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் புது வாசனைகூடப் போகவில்லை. இவள் மட்டுமல்ல, கூடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். புத்தகம் கிழிகிறதே என்று கவலைப்பட்டேனே தவிர, ஏன் ஒரே புத்தகம் கிழிகிறது என்று யோசிக்கவில்லை.

எங்கள் நூலகத்தைப் பெருக்க வரும் வெள்ளையம்மாள் ஒரு நாள் என்னிடம் சொல்லத்தான் செய்தார்.

"அந்தப் பிள்ள படிக்கலம்மா. நானும் பெருக்கும்போது பாக்கேன், அதே படத்தத்தான் வரஞ்சிக்கிட்டிருக்கு. குளம் மாதிரி ஒண்ணு, படிக்கட்டு வச்சு."

அது சிந்துவெளிப் பெருங்குளம், ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். எனக்கோ கோபம் வந்தது. எழுத்துத் தெரியாதவருக்கு இதில் என்ன தெரியும் என்ற எண்ணம். "உங்க வேலயப் பாருங்க வெள்ளையம்மா" என்று சொல்லிவிட்டேன்.

நாலாவது வருஷம், எட்டு மாதம் மட்டுமே வந்து படித்த ஒரு பையனுக்கு வேலை கிடைத்தது. பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நான் வழக்கம்போலத் தலையைத் திருப்பி மாரீஸ்வரியைப் பார்த்தேன். கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவளே எழுந்து வந்து கரண்டியை எடுத்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்துப் பெட்டியை என் முன்னால் வைத்தாள்.

"ஒரு ஆளுக்கு மிச்சம் இருக்கு மேடம். நீங்க எடுத்துக்கோங்க."

"நீ சாப்பிடலயா?"

"எனக்கு வேண்டாம் மேடம். அம்புட்டு இனிப்பு இப்பல்லாம் ஒத்துக்க மாட்டேங்குது."

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். உறுப்பினர் படிவத்தில் அவளுடைய செல்போன் எண் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். புத்தகம் எதுவும் அவள் பெயரில் நிலுவையில் இல்லை, அதனால் கூப்பிடத் தோன்றவில்லை. என் புத்தியை என்ன சொல்வது.

பதினோராவது நாள் மதியம் ஒரு பெண் கையில் டிபன் கேரியருடன் உள்ளே வந்தார். சேலையெல்லாம் பஞ்சுத் தூசி. பேண்டேஜ் துணி மடிக்கும் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மேடம், நான் மாரீஸ்வரி அம்மா. இன்னைக்குச் சோத்த மறந்து வச்சிட்டு வந்துட்டா. எனக்கு மத்தியானத்தோட வேல முடிஞ்சிருச்சு, அதான் நானே கொண்டாந்தேன். எங்க உக்காந்திருக்கா?"

கூடத்தில் நாற்பது தலைகள் நிமிர்ந்தன. இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு யோசிக்கப் பத்து விநாடி இருந்தது. அந்த அம்மாவைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கலாம். தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை நானே போனில் பிடித்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பத்து விநாடியில் தோன்றியது ஒன்றுதான்: நாளைக்கு என்மேல் பழி வந்துவிடக் கூடாது.

"அவ பத்து நாளா இங்க வரலயேம்மா. வேணும்னா நீங்களே பாருங்க" என்று வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். விரலை வைத்துப் பத்து நாளையும் ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பிடித்தது.

"தெனமும் எட்டு மணிக்குப் பைய மாட்டிக்கிட்டுத்தான மேடம் வாரா" என்றார். பிறகு கேரியரை அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை. மாரீஸ்வரியின் அண்ணன் போலீசில் இருக்கிறான். அம்மா போன் செய்ததும் அவன் எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் போலீசாக இருந்த தன் நண்பனைக் கூப்பிட்டான். நண்பன் பணியில் இருந்தபடியே சீருடையில் தேடிப் போனான். ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மதுரை பஸ் நிற்கும் பக்கத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். அத்தனை பேர் பார்க்க ஒரு போலீஸ்காரர் அவளை எழுப்பிக் கூட்டிப்போனார். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

தேர்வுக்கு அப்போது நாற்பது நாள் இருந்தது. படித்தது போதும், எவனாவது பையனைப் பார்த்துக் கட்டிவைத்துவிடுவோம் என்று அண்ணன் சொல்லிவிட்டதாக வெள்ளையம்மாள் விசாரித்துவந்து சொன்னார். மாரீஸ்வரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவள் அந்தத் தேர்வை எழுதாமல் விட்டால் அதற்கு நான்தான் காரணம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. அன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அம்மாதான் கதவைத் திறந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவரோ நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நான் என்ன மேடம் குறை வச்சேன்? நாலு வருசமா ஒரு டம்ளரக் கழுவ விட்டதில்ல. அவ படிக்கட்டும், அவ படிக்கட்டும்னு நானே அம்புட்டையும் பாத்தேன்."

அதைச் சொல்லும்போது அந்த வருத்தத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கூடத்தில் அவளைக் காட்டிப் பேசும்போது என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும்.

மாரீஸ்வரி உள்ளறையில் இருந்தாள். ஒரு சுற்று இளைத்திருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருசமாவே படிக்க முடியல மேடம். புக்கத் தொறந்தா கண்ணு ஓடும், மனசு ஓடாது. சரி, நேத்து வரைக்கும் போனது போகட்டும், இன்னைல இருந்து ஒழுங்கா ஆரம்பிப்போம்னு ஆறாப்பு புக்க எடுப்பேன். ரெண்டு நாளு நல்லாப் போகும். பொறவு நின்னுரும். நின்னது தப்புன்னு மறுபடியும் ஆறாப்பு."

"முடியாத அன்னைக்கு வீட்டுல படுத்துக் கெடக்க வேண்டியதுதான?"

"எப்படி மேடம்? அம்மா நாளெல்லாம் துணி மடிச்சிட்டு வந்து எனக்குச் சோறு போடுது. அது முன்னால படுத்துக் கெடந்தா நான் என்ன மனுசி? லைப்ரரில உக்காந்தா படிக்கிற மாதிரியாச்சும் இருக்கும்."

"அப்ப எதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன?"

"பஸ் ஸ்டாண்டுல எம்புட்டு நேரம் உக்காந்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க மேடம். அங்க எல்லாரும் சும்மாதான இருக்காங்க."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொல்லிரலாம்னு மூணு தடவ உங்க மேசைக்கு வந்தேன் மேடம். ஒரு தடவ நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க. 'என்ன மாரீசு, அடுத்த புக்கா?'ன்னு கேட்டீங்க. சரின்னு ஆறாப்பயே வாங்கிட்டுப் போயிட்டேன். மத்த ரெண்டு தடவயும் நீங்க யார்கிட்டயோ என்னயக் காட்டிப் பேசிக்கிட்டிருந்தீங்க. அப்ப வந்து எப்படிச் சொல்ல?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கிய மூத்த நூலகர் ஒருவர் இருந்தார். வாசகர் மேசைக்கு வந்து நின்றால் அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிடுவார். என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். நான் முதலில் இருந்த சின்ன நூலகத்தில் அதற்கு நேரம் இருந்தது, கூட்டம் கூடியபோது அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது. மூன்று தடவையும் என் கையில் பேனா இருந்திருக்கும்.

பால்கோவாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "குடுக்கும்போது எல்லாரும் என் மொகத்தத்தான் மேடம் பாப்பாங்க. நான் சிரிக்கணும்ல. அதுக்கே அன்னைக்கு நாள் முடிஞ்சிரும்."

"என்னய மன்னிச்சிரும்மா" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததில் நான் ஒரு வாசகரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். புத்தகம் கேட்பாள், அல்லது அண்ணனிடம் பேசச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு வீட்டுல ஏதாவது ஒரு வேல குடுக்கச் சொல்லுங்க மேடம். ஒரு வேளச் சோறாவது நான் வச்சு அம்மாவுக்குப் போடணும்."

அவள் அம்மாவை அதற்குச் சம்மதிக்கவைக்கத்தான் பெரும் பாடாகிவிட்டது. படிக்கிற பிள்ளையை யாராவது அடுப்பங்கரைக்கு விடுவார்களா என்று அவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். அவளுக்குத் தெம்பு வேண்டும், அது கிடைத்தால் அவளே படிப்பாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் ராத்திரிச் சமையல் மாரீஸ்வரியுடையது என்றும், நூலகத்துக்குக் காலையில் மூன்று மணி நேரம் மட்டும் வரட்டும் என்றும் முடிவாயிற்று. அண்ணனிடம் போனில் நானே பேசினேன். அவன் மரியாதையாகவே பேசினான், ஆனால் இந்த ஒரு தேர்வுதான் மேடம் என்றான்.

அவள் திரும்பி வந்த முதல் நாள் பழக்கதோஷத்தில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டாள். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். புத்தகம் என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து நடுவில் திறந்து கொடுத்தேன். மனசு ஓடாத நாளில் வீட்டுக்குப் போய்விடு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். முதல் வாரத்தில் இரண்டு நாள் வந்த அரைமணி நேரத்திலேயே எழுந்து போனாள். எதுவும் கேட்காமல் இருக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் அவளாகவே பதினொன்றாம் வகுப்பைக் கேட்டாள்.

தேர்வு எழுதினாள். கிடைக்கவில்லை. நாற்பது நாளில் இரண்டு வருஷத்தைப் பிடிக்க முடியுமா? நான் கொஞ்சம் முன்னால் விழித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முடிவு வந்த அன்று மதியம் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"எனக்குக் கிடைக்கல மேடம். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சராக் கூப்பிட்டிருக்காங்க. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், கல்யாணமெல்லாம் இப்ப வேண்டாம்னு. வேலைக்குப் போறேன். அடுத்த தேர்வப் பொறவு பாப்போம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். நல்லது என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவள் போன பிறகு செத்த நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. என் மேசைக்கு வந்து, எனக்குக் கிடைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கிடைத்தவர்கள் பெட்டியுடன் வந்தார்கள். மற்றவர்கள் ஒரு நாள் வராமல் போனார்கள். ஏதோ ஒரு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரமே பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துவைத்து, தினமும் வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோன பெயர்களைத் தேடினேன். உறுப்பினர் படிவங்களில் அவர்களுடைய எண்கள் இருந்தன. முதல் இரண்டு எண்களும் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது ஆள் போனை எடுத்தான். அவன் நூலகத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நான் இன்னார் என்று சொன்னதும் பதறிவிட்டான்.

"மேடம், நான் எதும் புக்கு திருப்பித் தராம இருக்கேனா?"

"இல்லப்பா, எல்லாம் குடுத்துட்ட. எப்படி இருக்கேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"நல்லா இருக்கேன் மேடம்" என்று வைத்துவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து அவனே திருப்பிக் கூப்பிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், வீடு பூராம் தேடிட்டேன். பரண்ல ஏறியும் பாத்துட்டேன். லைப்ரரி புக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம். நெசமாவே இல்ல."